ஆளுக்கொரு நம்பர்

மெஷின்னா ஒரே தாளமா அடிக்கும். இது அப்படி இல்லையே. மூணு தட்டு தட்டுது, சும்மா கிடக்குது, மறுபடி படபடன்னு ஏழெட்டு, அப்புறம் ஒண்ணே ஒண்ணு. யாரோ மூச்சு வாங்கி மூச்சு வாங்கித் தட்டுற மாதிரி இருக்கு. ஸ்கிரீன் பூரா சிவப்பு வரி ஏறிக்கிட்டே போகுது. ஒவ்வொரு சிவப்பும் வாசல்ல நிறுத்தித் திருப்பி அனுப்புன ஆளு. என் பொழப்பு இதுதான், வெப்சைட்டுக்கு வாட்ச்மேன் வேலை. வாட்ச்மேன்கூட நான் இல்ல, வாட்ச்மேன் ஃபயர்வால்தான். அது பாட்டுக்கு முன்னாடி நிக்கும், ஒரே இடத்துல இருந்து ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டா இது மனுசன் இல்ல, 'பாட்'ங்கிற மெஷின்னு முடிவு கட்டிக் கதவை அடைச்சிரும். அப்பப்ப நல்ல ஆளையும் சேத்து அடைச்சிரும். அதுக்கு ஃபால்ஸ் பாசிட்டிவ்னு பேரு. அடைபட்டதுல யாரு திருடன், யாரு வழிதப்பி வந்த பாவின்னு உக்காந்து பிரிச்சு, பாவியை உள்ள விடுறதுக்குத்தான் எனக்குச் சம்பளம். இப்ப அடைபட்டிருக்கிறது கடலோரப் படகுக்காரங்க கூட்டமைப்போட சைட்டு. காத்து மழை நேரத்துல எந்தப் படகு எந்தக் கரையில ஒதுங்குச்சு, எது வயர்லெஸ்ல பேசுச்சு, எது பேசலைன்னு ஒரு பக்கத்துல போட்டுக்கிட்டே இருப்பாங்க. போன வாரம் எவனோ வேலையத்த பய சைட்டைத் தாக்கிப் படுக்க வச்சுட்டான்னு எங்க தண்டபாணி சார் ஃபயர்வாலை இறுக்கி விட்டாரு. அவரைக் குத்தம் சொல்ல முடியாது, இந்த வாரம் காத்து இப்படித் திரும்பும்னு யாரு கண்டா. "ஏனுங்க ஜெனோவா, அந்தப் படகுச் சைட்டுல பக்கம் தெறக்கலைன்னு கம்ப்ளைன்ட் வந்திருக்குதுங்க, எந்த எடம்னு பாத்துத் தெறந்து உட்டுருங்க, சாயங்காலத்துக்குள்ள முடிச்சுப்போடலாம்"னு சாப்பாட்டுக்கு முன்னாடியே சொல்லிட்டுப் போனாரு. அவருக்குத் தெரியாது. இந்த ஆபீஸ்ல யாருக்குமே தெரியாது. எங்க அண்ணன் ரெமி 'ஜெபமாலை மாதா'ங்கிற படகுல அந்தக் காத்துக்குள்ளதான் இருக்கான்னு நான் ஒருத்தர்கிட்டயும் வாயத் தெறக்கல.

சொன்னா உடனே கேப்பாங்க, அப்புறம் ஏன் இங்க உக்காந்திருக்கீங்க, ஊருக்குப் போகலையான்னு. போகக் கூடாதாம். அம்மா சொல்லிட்டா. "ஏட்டி, நீ வந்து பஸ்ஸ விட்டு எறங்குனேன்னு வையி, தெருவே எழவு விழுந்துட்டுன்னு முடிவு பண்ணிரும். வெளியூர்ல இருக்க பிள்ளைவ ஒண்ணொண்ணா வர ஆரம்பிச்சாதான் சாவு வீடு. ஒருத்தரும் வரலேன்னா ஒண்ணும் ஆகலேன்னு அர்த்தம். நீ அங்கனயே கெட." எங்க அந்தோணியார்துறையில இப்படித்தான். ஒரு படகு வரலேன்னா வெளியூர்ப் பிள்ளைங்க அவங்கவங்க இடத்துல அசையாம இருக்கணும், நாங்க அசைஞ்சா அங்க உயிரு போயிரும். அதனால கோயமுத்தூர்ல மூணாவது மாடியில ஏசி காத்துல விரல் விறைச்சுப்போயி உக்காந்திருக்கேன். தயிர்சாதம் டப்பாவுல அப்படியே இருக்கு. ஒரு தடவ ரெமி தெர்மகோல் பெட்டியில ஐஸ் போட்டுச் சீலா மீனு ஆம்னி பஸ்ல அனுப்பி வச்சான், ஹாஸ்டல் ஃபிரிட்ஜ்ல வச்சதுக்கு வார்டன் அம்மா என்னைச் சட்டியோட வெளிய போகச் சொல்லிட்டா. போன் போட்டு அவன்கிட்ட எரிஞ்சு விழுந்தேன், உன்னை யாருல மீனு கேட்டா, மானத்த வாங்குறியேன்னு. அவன் சிரிச்சுக்கிட்டே, அடுத்த வாட்டி வறுத்தே அனுப்புதேன்டி கழுதைன்னான். மூணாங்கிளாஸ் படிக்கையில என்னை இடுப்புத் தண்ணியில மல்லாக்கப் போட்டுட்டுக் கையை எடுத்துருவான். நான் கத்துவேன். "நீந்தாதடி, நீந்துனா தெம்பு போயிரும். மெதந்து கெட. வானத்தப் பாத்துக்கிட்டு மெதந்து கெட, யாராச்சும் வருவாவ." மெதந்து கெட. எத்தனை நேரம் மெதக்கலாம் ஒரு ஆளு. தண்ணி குடிக்காம எத்தனை நேரம். கூகுள்ல அடிக்கப் போயி அடிக்கல, அடிச்சா பதில் வந்துரும். கூட்டமைப்புப் பக்கத்தையும் காலையில பாத்ததுதான். ஜெபமாலை மாதா, தொடர்பு இல்லை. அதுக்கப்புறம் பாக்கல. பாக்குற வரைக்கும் அது அப்படியேதான் இருக்கும்னு ஒரு நெனப்பு. நான்தான் படிச்சவ, நானே இப்படி இருக்கேன், அப்புறம் அம்மாவச் சொல்லி என்ன பண்ண.

போன் அதிருது. அம்மா. இதுதானா, இப்படித்தான் வருமா, ஒரு மத்தியானம் ஏசிச் சத்தத்துக்கு நடுவுல, பக்கத்து சீட்டுப் பொண்ணு முறுக்கு கடிச்சுக்கிட்டு இருக்கையில. எடுத்தேன். "ஏட்டி ஜெனோ!" சத்தம் கும்முன்னு இருக்கு. அழுகையா சிரிப்பான்னு பிரிக்க முடியல, பின்னால பொம்பளைங்க எல்லாரும் ஒரே நேரத்துல பேசுறாங்க. "ஏட்டி, உசுரோட இருக்கானாம்டி! பிடிச்சிட்டாவளாம்! எல்லைக்கு அந்தப் பக்கத்து நேவிக்காரன் பிடிச்சு வச்சிருக்கானாம்!" எனக்குக் காதுல இருந்து கால் வரைக்கும் ஒரு சூடு எறங்குச்சு. பிடிச்சுட்டானா. எங்க கரையில அது எவ்வளவு பெரிய நல்ல செய்தின்னு கோயமுத்தூர்க்காரனுக்குச் சொன்னா புரியாது. பிடிபட்டவன் செயில்ல இருப்பான், கஞ்சி கிடைக்கும், கோர்ட்டுக்குக் கொண்டுபோவான், ஆறு மாசமோ எட்டு மாசமோ கழிச்சு மெலிஞ்சு வந்து நிப்பான். "யாரும்மா சொன்னா, பாதர் சொன்னாரா?" "பாதர் எங்க வந்தாரு. போன்ல வந்துட்டுட்டி, அந்தக் கூட்டமைப்புப் பக்கத்துலயே வந்துட்டு. நாங்க எல்லாரும் டெரன்ஸ் வீட்டுலதான இருக்கோம், அங்கனதான் வைஃபை இருக்கு." டெரன்ஸ் அண்ணன்தான் ஜெபமாலை மாதாவோட ஓனர். "எல்லாரும் அவிய அவிய போனை நம்ம பிளாரன்ஸு கையில குடுத்து அமுக்கச் சொன்னோம். வயித்துப்பிள்ளைக்காரி கையில்லா, ராசியான கையி. அவ மூச்சு வாங்கிக்கிட்டே ஒவ்வொரு போனா அமுக்குதா, அமுக்க அமுக்க வெறும் வட்டம் சுத்திக்கிட்டு இருந்தது, டமார்னு செவப்பா ஒரு பக்கம் வருதுட்டி! மேல நேவி முத்திரை, கேடயம் மாதிரி, இங்கிலீசுல எழுதி, அடியில கேஸ் நம்பர்! ஒரு போன்ல இல்ல, எல்லாப் போன்லயும்! ஒவ்வொரு போன்லயும் வேற வேற நம்பரு. ஆளுக்கொரு நம்பர் போட்டுருக்காவட்டி!"

சிவப்புப் பக்கம். கேடயம். அடியில நம்பர். "எந்த நம்பரும்மா, மைனி போன்ல உள்ளதப் படி." பிளாரன்ஸ் மைனியே வாங்கிப் படிச்சா, ரெமி பொண்டாட்டி, எட்டு மாசம், மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க ஒவ்வொரு எழுத்தா, ஒவ்வொரு எண்ணா, பரீட்சை நம்பர் படிக்கிற மாதிரி. "இதுதான் அவிய நம்பருன்னு வச்சுக்கிட்டேன் ஜெனோ, முதல்ல என் போன்லதான் வந்தது. செக்யூரிட்டின்னு போட்டுருக்கு பாரு, பத்திரமா இருக்காவன்னுதான அர்த்தம்?" நான் கீபோர்டுல அடிச்சுக்கிட்டே இருக்கேன். அடிச்சு முடிச்சுத் தேடச் சொன்னா, ஸ்கிரீன்ல ஒத்தை வரி வந்து நிக்குது, சிவப்பா. அதே நம்பர். என் ஸ்கிரீன்ல. எங்க ஃபயர்வால் போட்ட நம்பர். அடைபட்ட ஆளு கம்ப்ளைன்ட் பண்ணுனா தேடி எடுக்குறதுக்காக, ஒவ்வொரு அடைப்புக்கும் அது பாட்டுக்கு ஒரு நம்பர் போட்டு விடும். அந்தச் சிவப்புப் பக்கத்தை வரைஞ்சது இதோ முறுக்கு கடிக்கிறாளே இவதான், கேடயம் வச்சா கம்பீரமா இருக்கும்னு சொன்னா. நேவியும் இல்ல ஒண்ணும் இல்ல. ஒரே வீட்டுல உக்காந்து ஒரே வைஃபையில ஒரே பக்கத்தை ஊரே சேர்ந்து அமுக்குனா இந்த முட்டாளுக்கு அது எப்படித் தெரியும், மெஷின்னு நெனச்சுக் கதவைச் சாத்திட்டு ஆளுக்கொரு நம்பர் குடுத்திருக்கு. மூச்சு வாங்கி மூச்சு வாங்கித் தட்டுனது மைனி. கண்ணுக்கு முன்னாடி இவ்வளவு நேரமா ஏறுது, நான் தாளம் பாத்துக்கிட்டு இருந்திருக்கேன். "ஜெனோ? இருக்கியா?" "இருக்கேன் மைனி." "சரிதான அப்போ?" "பாத்துட்டுக் கூப்பிடுதேன் மைனி"ன்னு வச்சுட்டேன்.

எங்க ஆபீஸ்ல இருந்து பாத்தா அந்தப் பக்கம் திறக்கும், எங்களை யாரு அடைக்கப் போறா. திறக்கட்டுமா. திறக்காம என்னன்னு தெரியாம அவங்களை எப்படி உள்ள விடுறது. திறந்தேன். வட்டம் சுத்துச்சு. ஒவ்வொரு துறையா வருது, நம்மூரு கீழ இருக்கும், எப்பவும் கீழதான். ஜெபமாலை மாதா. தொடர்பு இல்லைங்கிறது மாறியிருக்கு. படகு கவிழ்ந்த நிலையில் கண்டெடுப்பு. ஆட்கள் எவரும் படகில் இல்லை. இப்பத்தான் போட்டிருக்காங்க, மத்தியானத்துக்கு அப்புறம். ரெண்டு வரி. நான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன், எவரும் இல்லை, எவரும் இல்லைன்னா, படகுல இல்லைன்னுதான போட்டிருக்கு, கடல்ல இல்லைன்னு போடலையே, கவிழ்ந்தா படகுல எப்படி இருப்பான், தண்ணியிலதான இருப்பான், கேன் ஏதாவது பிடிச்சுக்கிட்டு, லைஃப் ஜாக்கெட் போட்டிருப்பானா, போட மாட்டான், வேலைக்கு இடைஞ்சல்டின்னுவான், தலைகாணியா வச்சுத் தூங்குவான் கிறுக்கன். மெதந்து கெட. வானத்தப் பாத்துக்கிட்டு கெட. எந்திரிச்சுப் போயி பாத்ரூம்ல நின்னேன். கண்ணாடியில மூஞ்சி நல்லாத்தான் இருக்கு. அதுதான் கோவமா வருது, எப்படி நல்லா இருக்கு.

திரும்பி வந்து உக்காந்து யோசிச்சேன், யோசிச்சேன்னு சொல்லக் கூடாது, செக்குல கட்டுன மாடாட்டம் சுத்துனேன். ஒரு கிளிக். அந்த வீட்டு வைஃபையை நல்ல ஆளுன்னு குறிச்சா போதும், கதவு திறந்துரும், அடுத்த தடவ மைனி அமுக்கையில கேடயம் போயி இந்த ரெண்டு வரி வந்து நிக்கும். நானே என் கையால அவ கண்ணு முன்னாடி கொண்டுபோயி வைக்கணும். வைக்கலேன்னா என்ன கெட்டுச்சு. கொஞ்ச நேரம் அடைஞ்சே கிடக்கட்டுமே. எப்படியும் பாதர் வருவாரு, கோயில் உபதேசியாரப் பின்னால வச்சுக்கிட்டு ஸ்கூட்டர்ல வருவாரு, அந்த ஸ்கூட்டர் ஒரு தெருவுல மெதுவா வந்தாலே என்ன செய்தின்னு எல்லாருக்கும் தெரியும். அதுவரைக்கும் நம்பரைக் கையில வச்சுக்கிட்டு இருக்கட்டும். மறுபடி அம்மாதான் கூப்பிட்டா. "ஏட்டி, அடுப்புப் பத்த வச்சாச்சு. அன்னைக்குக் காத்து அடிச்சதுல இருந்து இந்தத் தெருவுல ஒரு வீட்டுலயும் ஒல வைக்கல. டெரன்ஸ் வீட்டுலயே பெரிய பானையில போட்டுருக்கு, எல்லாருக்கும் சேத்து. பிளாரன்ஸ திங்க வச்சிரணும், வயித்துல உள்ளது பாவம்லா." எம்மா, திங்கட்டும்மா, முதல்ல எல்லாரும் தின்னு முடியுங்க, வயிறு நிறையத் தின்னுங்க, அப்புறம் நான் திறக்கேன். மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன். சோறு வேகட்டும், வடியட்டும், மைனி ரெண்டு கை தின்னட்டும், அவ்வளவுதான் நான் கேக்குறது. "நீ தின்னியாம்மா?" "எனக்கென்ன அவசரம். நீ ஒருவாட்டி அமுக்குன்னு என்னையும் சொன்னாளுவ, நான் போனையே தொடல. தாலியறுத்தவ கை எதுக்குட்டி இதுல." அப்பா மஞ்சக்காமாலையில கட்டில்லதான் போனாரு, அதுக்கும் அவ கைக்கும் என்னம்மா சம்பந்தம்னு கத்தணும் போல இருந்துச்சு. அவ வச்சிருக்கிறது என் பழைய போன், ஓரம் உடைஞ்சது, வாட்ஸப்பே திணறும். இந்த ஸ்கிரீன்ல எந்த மாடல் போன்ல இருந்து தட்டுறாங்கன்னும் விழும், அவளோடது காலையில இருந்து ஒரு வரிகூட இல்ல. அப்புறம் அம்மா சாவகாசமா, சந்தோசமா, ஒண்ணு சொன்னா. "தேடப் போறதா இருந்த ரெண்டு போட்டையும் டெரன்ஸ் நிப்பாட்டிட்டாருட்டி. பிடிபட்ட பிள்ளையள எதுக்குக் கடல்ல போயித் தேடணும். அந்த நம்பரை எடுத்துக்கிட்டு நாளைக்குக் கலெக்டரைப் பாக்கப் போறாவ."

போட்டை நிப்பாட்டிட்டாங்க. "எம்மா, நிப்பாட்ட வேண்டாம்னு சொல்லு." "ஏன்?" "போகச் சொல்லும்மா. போட்டு போகட்டும்." "ஏட்டி, பிடிச்சிட்டான்னுதான சொல்லுதேன்." "அது இல்லம்மா, அந்த நம்பர்..." அந்தப் பக்கம் அம்மா மூச்சு கேக்குது, பின்னால யாரோ கரண்டியைப் பானையில தட்டுற சத்தம், யாரோ ஒரு பொம்பள சிரிக்கிறா, எத்தனை நாள் கழிச்சுச் சிரிக்கிறாளோ. அந்த நம்பர் என் நம்பரும்மா. எங்க ஆபீஸ் நம்பரும்மா. சொல்லுடி. சொல்லித் தொலைடி. "ஜெனோ, இவ கூப்பிடுதா, சோறு வடிக்கணும், வையி"ன்னு வச்சுட்டா. தண்டபாணி சார் கப்பும் கையுமா வந்து பின்னால நின்னாரு. "என்னங் ஜெனோவா, அந்த அட்ரஸ் கெடைச்சுதுங்ளா?" "கெடைச்சிருச்சு சார்." "'பாட்'டுங்ளா, மெஷினுங்ளா?" "இல்ல சார், நல்லவங்கதான்." "அப்புறம் என்னங்க, தெறந்து உட்டுப்போடுங்க. பாவம், வெளிய நின்னுட்டு இருப்பாங்கல்லங்." ஆமா சார், பாவம். பாவத்துலயும் பாவம். சோறு வெந்திருக்குமா. இன்னும் கொஞ்ச நேரம், வடிச்சு எலையில போட எவ்வளவு நேரம் ஆகப் போகுது, ஆனா ரெமி தண்ணியில கிடந்தான்னா, கிடந்தான்னா, ஒருவேளை கிடந்தான்னா, அவங்க சோறு திங்கிற நேரம் அவனுக்கு எவ்வளவு நேரம். யாராச்சும் வருவாவன்னு சொன்னானே. வரப்போற ரெண்டு போட்டும் என் நம்பரால கரையில நிக்குது. இருக்கான்னு எனக்கு நம்பிக்கை இல்ல. சத்தியமா இல்ல. இந்தக் கடலை எனக்குத் தெரியும். நம்பிக்கை இல்லாமதான் மவுஸ்ல விரல வச்சேன், மைனிக்கு ஒரு வாய் சோறு போயிருக்கணும் மாதாவேன்னு சொல்லி அமுக்கினேன்.

முதல் பச்சை வரி வந்துச்சு. உள்ளே விடப்பட்டது. ஒண்ணுதான். அப்புறம் ஒரு நிமிசம் ஒண்ணுமே இல்ல, நான் ஸ்கிரீனையே பாக்குறேன். திடீர்னு ஒண்ணு, ரெண்டு, அஞ்சு, வேற வேற போன், எல்லாம் பச்சை, நெருக்கியடிச்சுக்கிட்டு வருது, அவளோடதுல பாரு, உன்னோடதுல பாருன்னு பிடுங்கிப் பிடுங்கிப் பாக்குறாங்க, இது மைனி கை இல்ல, எல்லாரும் அவங்கவங்க கையாலேயே அமுக்குறாங்க, இனிமே ராசி என்ன ராசி. என் ஃபயர்வால் ஒண்ணையும் தடுக்கல. அவ்வளவு பேரையும் ஒழுங்கா உள்ள விட்டு ஒழுங்கா அந்த ரெண்டு வரியைக் காட்டி அனுப்புச்சு. அப்புறம் ஒண்ணொண்ணா நின்னுச்சு. கடைசியா ஒரு போன் ரெண்டு தடவ. அப்புறம் அதுவும் இல்ல. சத்தமில்லாத ஸ்கிரீன்தான், இருந்தாலும் எனக்கு அந்தச் சத்தம் நின்னது காதுல கேட்டுச்சு. மைனிக்குப் போன் போட்டேன். எடுத்தது யாருன்னு தெரியல, பேசல, கீழ கிடந்த போன்ல கை பட்டு எடுத்திருக்கும். ஒரே ஓலம். ஆளு பிரிக்க முடியாத ஓலம், அதுல எங்க மைனி எது, எங்கம்மா எதுன்னு தெரியல. அதுக்குள்ள டெரன்ஸ் அண்ணன் குரல் தொண்டை கிழிய, "டீசல ஏத்துல! நின்னு பாக்காதிய, ஏத்து, இருட்டுறதுக்குள்ள போவணும்!" கட் ஆயிருச்சு. போறாங்க. போட்டு போகுது. போயி என்னத்தப் பாக்கப் போறாங்களோ, அது வேற, ஆனா போறாங்க. சோறு வடிச்சாங்களான்னு தெரியல.

பையை எடுத்து மாட்டுனேன். இனிமே நான் போகலாம். அதுக்குத் தடை போட்ட அம்மாவோட கணக்குப்படி இனிமே தடை ஒண்ணும் இல்ல, ராத்திரி பஸ்ஸப் பிடிச்சா விடியக்காலம் போயிரலாம், எல்லாப் பிள்ளைங்களும் ஒண்ணொண்ணா வந்து இறங்குவோம். கம்ப்யூட்டரை அணைக்கக் கையை வச்சேன். ஒரு வரி வந்துச்சு, பச்சை. அந்த வீட்டு வைஃபைதான். அப்புறம் இன்னொண்ணு. யாரு இன்னும், பாத்ததுல பத்தலையா. இன்னொண்ணு. இது மைனி மாதிரி விட்டுவிட்டு இல்ல, ஒரே தாளம், ஒரே இடைவெளி, நிறுத்தாம, ஜெபமாலை உருட்டுற மாதிரி ஒண்ணு முடிஞ்சதும் ஒண்ணு. போனோட மாடலைப் பாத்தேன். பழசு. நான் மூணு வருசம் வச்சிருந்து ஓரம் உடைஞ்சு தூக்கிக் குடுத்தது. தண்டபாணி சார் வீட்டுக்குக் கிளம்புறவரு போற போக்குல என் ஸ்கிரீனைக் குனிஞ்சு பாத்துட்டு நின்னாரு. "இது 'பாட்'டுதானுங்க ஜெனோவா? பாருங்க, எவ்ளோ கரெக்டா அடிக்குது. ஆளு யாராச்சும் இப்படி அமுக்கீட்டே இருப்பாங்களாங்? மறுபடி அடைச்சுப்போடலாம்ங்க."

"வேண்டாம் சார்"னேன். "அது எங்கம்மா."